எழும்பூரில் இறங்கினால் எங்கே தங்கலாம்? ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

திருமங்கலத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. மாதத்துக்கு இரண்டு மூன்று போனாவது வந்துவிடும். "தம்பி, அப்பாவுக்குக் கண் காட்ட வர்றோம், எங்க தங்குறது?" "அண்ணே, வியாழக்கிழமை ஐகோர்ட்ல வாய்தா, பக்கத்துல நல்ல லாட்ஜ் இருக்கா?" என் வீடு சின்னது. எல்லாரையும் வீட்டிலேயே தங்க வைக்க முடியவில்லையே என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. நல்ல அறை ஒன்று கிடைப்பதற்காவது உதவலாம் என்று, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் எழும்பூரைச் சுற்றித்தான் பேசியிருக்கிறேன். தென்மாவட்டக்காரர்களுக்குச் சென்னை தொடங்கும் இடம் அதுதானே.

நகரின் நடுவில் எந்தப் பகுதியில் தங்குவது நல்லது?

எதற்காக வருகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகுதான் இடம் சொல்ல முடியும். "சென்ட்ரல்ல ஒரு ரூம் பாத்துக்கலாம்" என்று கிளம்பி வந்துவிட்டு, தினமும் இரண்டு முறை ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சங்கர நேத்ராலயா நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. அப்போலோ கிரீம்ஸ் சாலையில். இரண்டுக்கும் எழும்பூரிலிருந்து ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றால் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களில் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் அங்கே தங்குவதால், அடுப்பும் பாத்திரமும் கொடுக்கும் விடுதிகள் அந்தப் பக்கம் நிறைய. நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க முடியும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அந்தச் சமயத்தில்தான் தெரியும்.

அரசு பொது மருத்துவமனை என்றால் சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. குழந்தைகள் மருத்துவமனை, அரசு கண் மருத்துவமனை, தாய்சேய் மருத்துவமனை மூன்றும் எழும்பூரில். உயர் நீதிமன்றம், டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்பு என்றால் பாரிமுனைப் பக்கம் போக வேண்டும். எழும்பூரில் தங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே மாறி ஐகோர்ட் நிலையத்தில் இறங்கலாம்.

அமெரிக்கத் தூதரக நேர்காணல் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டியும் கூடாது. நடந்து போகிற தூரத்தில் அறை எடுத்து, எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டு, ஃபைலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போவது மனதுக்கு அமைதி. கல்யாண ஜவுளி என்றால் தி.நகரிலேயே தங்குங்கள். பட்டுப்புடவைப் பைகளோடு மாலை ஆறு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுவது லேசான காரியம் இல்லை.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறோம். விடியுமுன் இறங்கிவிடுவோம். அந்த நேரத்தில் அறை கொடுப்பார்களா?

எனக்கு வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். இதைக் கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

சென்னை விடுதிகளில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, நண்பகல் 12 மணிக் கணக்கு. எப்போது உள்ளே போனாலும் மறுநாள் 12 மணிக்குள் (சில இடங்களில் 11 மணிக்குள்) காலி செய்ய வேண்டும். இன்னொன்று, 24 மணி நேரக் கணக்கு. அதிகாலை ஐந்தரைக்கு நுழைந்தால் மறுநாள் அதிகாலை ஐந்தரை வரை அறை உங்களுடையது. எழும்பூர் பழைய லாட்ஜ்களில் இந்த இரண்டாவது கணக்கு இன்றும் பரவலாக இருக்கிறது. இரவு ரயிலில் வந்து இறங்குபவர்களை நம்பி வளர்ந்த தெருக்கள் அவை.

என் அப்பாவைக் கண் அறுவைக்காகக் கூட்டிவந்த முதல் தடவை இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. அப்போது நான் சென்னைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆன்லைனில் பணம் கட்டி, படத்தில் பளிச்சென்று தெரிந்த ஓர் இடத்தைப் பிடித்திருந்தேன். அதிகாலை ஐந்தே முக்காலுக்கு வரவேற்பு மேசை முன்னால் நின்றோம். மேசைக்குப் பின்னால் ஒரு பையன் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து, கணினியைப் பார்த்து, "சார், உங்க புக்கிங் 12 மணிக்குத்தான். இப்போ வேணும்னா ஒரு நாள் வாடகை எக்ஸ்ட்ரா" என்றான். அவன் மேல் தப்பில்லை, விதி அது. அப்பா ஒன்றும் சொல்லாமல், சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை மடித்துக் கண்களின் மேல் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு இருக்க வேண்டும். கழிவறையை மட்டுமாவது பயன்படுத்திக்கொள்கிறோம் என்று கேட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த வேலையாட்களின் குளியலறையில் அவரைக் குளிக்க வைத்தேன். அன்றிலிருந்து, யார் சென்னை வருகிறேன் என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: எத்தனை மணிக்கு இறங்குறீங்க?

சரி, கணக்குக்கு வருவோம். காலை ஐந்தரைக்கு வந்து, அன்றிரவே ஒன்பது மணி ரயிலில் திரும்புபவர்களுக்கு 24 மணி நேர லாட்ஜ்தான் லாபம். ஒரு நாள் வாடகையோடு முடிந்துவிடும். 12 மணிக் கணக்கு விடுதியில் அதிகாலையில் நுழைய ஒரு நாள், நண்பகலுக்குப் பிறகு இருக்க இன்னொரு நாள் என்று இரண்டாகிவிடும். அதுவே, மாலை நான்கு மணி விமானத்தில் வந்து மறுநாள் காலை பத்துக்குக் கிளம்புபவருக்கு எந்தக் கணக்கும் ஒன்றுதான். திங்கள் காலை ஐந்தரைக்கு வந்து செவ்வாய் இரவு ஒன்பதுக்குக் கிளம்புகிறீர்களா? 24 மணி லாட்ஜில் இரண்டு நாள் வாடகை வரும். அப்போது செவ்வாய் அதிகாலையே காலி செய்துவிட்டு, பெட்டியை வரவேற்பறையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். நல்ல இடங்களில் சரி என்பார்கள். உடம்புக்கு முடியாதவர் கூட இருந்தால் அந்த மிச்சத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாம் நாள் வாடகையைக் கட்டிவிட்டு அவரைப் படுக்க விடுங்கள்.

குளித்து உடை மாற்ற மட்டும் என்றால் சில மணி நேரத்துக்கு அறை கொடுக்கும் லாட்ஜ்களும் எழும்பூரில் உண்டு. ரயில்வேயின் ஓய்வறைகளை, உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்யலாம். வாடகை குறைவு, ஸ்டேஷனுக்கு வெளியே போகவே வேண்டாம். ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இன்னொரு விஷயம். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும் அங்கிருந்தே கிளப்புவதும் அவ்வப்போது நடக்கிறது. அறை பிடிக்கும் முன் உங்கள் டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

ஆன்லைனில் பதிவு செய்வதா, நேராக போன் போடுவதா?

இரண்டும். ஆன்லைனில் தேடுங்கள், விலையையும் சமீபத்திய விமர்சனங்களையும் பாருங்கள். அப்புறம் விடுதியின் வரவேற்பு எண்ணுக்கே போன் போட்டு, "உங்ககிட்ட நேரா எடுத்தா எவ்வளவு?" என்று கேளுங்கள். முன்பதிவுத் தளத்துக்குத் தரவேண்டிய கமிஷன் மிச்சமாவதால் சில இடங்களில் குறைப்பார்கள். குறைக்காவிட்டாலும் அந்தப் போனில் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளலாம்: 12 மணிக் கணக்கா 24 மணிக் கணக்கா, லிஃப்ட் உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை.

ஆன்லைனில் முழுப் பணமும் கட்டியிருந்தால், பயணத்துக்கு முந்தின நாள் போன் செய்து "என் பேர்ல பதிவு வந்திருக்கா?" என்று உறுதி செய்யுங்கள். பணம் தளத்துக்குப் போயிருக்கும், பதிவு விடுதிக்குப் போயிருக்காது. இப்படி நடந்து நடுராத்திரியில் என்னை எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்பதைக் கட்டும் முன்னரே படித்துவிடுங்கள். ஆஸ்பத்திரித் தேதி தள்ளிப்போவது சகஜம். அதனால் வைத்தியத்துக்கு வருபவர்கள் "விடுதியில் செலுத்தலாம்" என்ற வகையை எடுப்பதே நல்லது.

தேடும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி சாப்பிடும் இடம், தங்கும் இடம் லாட்ஜ். ஆனால் தளங்களில் எல்லாமே ஹோட்டல்தான். "ஹோட்டல்" என்று வரைபடத்தில் தட்டிவிட்டு, சாப்பாட்டுக் கடை வாசலில் பெட்டியோடு இறங்கிய பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரர் அவரை உட்கார வைத்து காபி கொடுத்து, பக்கத்துத் தெரு லாட்ஜுக்கு ஆள் சேர்த்து அனுப்பினார்.

ஸ்டேஷன் வாசலில் "ரூம் சார், ரூம் சார்" என்று கூப்பிடுகிறார்களே, போகலாமா?

போக வேண்டாம். அவர் கூட்டிப்போகும் லாட்ஜ் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அவருடைய கமிஷனும் உங்கள் வாடகையில்தான் ஏறும். காந்தி இர்வின் சாலையில் சிவப்புக் கட்டட வாசலில் இறங்கி, சாலையைக் கடந்தால் கென்னட் லேன். இரு பக்கமும் லாட்ஜ்கள்தான். கையில் சின்னப் பை மட்டும் இருந்தால் நீங்களே நான்கு இடம் ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம். அங்கே போக ஆட்டோவும் தேவையில்லை.

எழும்பூர் நிலையத்துக்கு இரண்டு வாசல் என்பதை மறக்க வேண்டாம். முன்வாசல் காந்தி இர்வின் சாலை, பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலை. உங்கள் விடுதி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் வெளியே வாருங்கள். மாற்றி இறங்கிவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேம்பாலப் படி ஏற வேண்டும்.

ரயில் நிலையம் பக்கத்தில் என்றால் சத்தம் இருக்காதா?

இருக்கும். தெருப் பக்க ஜன்னல் என்றால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" ராத்திரி முழுக்கக் கேட்கும். எனக்கு அது தாலாட்டு மாதிரி, ஆனால் எல்லாருக்கும் அப்படி இருக்காது. "பின்பக்க ரூம், மூணாவது மாடிக்கு மேல" என்று கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்தில் சில அறைகளுக்கு ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர்தான் தெரியும். ஒரு நாளுக்குப் பரவாயில்லை. ஐந்து நாள் படுத்திருக்க வேண்டிய நோயாளியை அந்த மாதிரி அறையில் வைக்காதீர்கள்.

வாடகையோடு வேறு என்னென்ன சேரும்?

ஜிஎஸ்டி சேரும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கணக்கு. அதற்கு முன் 7,500 வரைக்கும் 12 சதவீதமாக இருந்தது. அதாவது 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய் வரி, மொத்தம் 2,100. பழைய விகிதத்திலேயே யாராவது பில் போட்டால் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். போனில் விலை கேட்கும்போதே "டாக்ஸ் சேர்த்தா, தனியா?" என்று கேட்டுவிட்டால் பேச்சே வராது.

சேவைக் கட்டணம் என்று பில்லில் தானாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. விருப்பப்பட்டு ரூம் பாய்க்கு ஐம்பது, நூறு கொடுப்பது வேறு விஷயம். ஃப்ளாஸ்க்கில் காபி வாங்கி வந்து, மருந்து வாங்கி வந்து, பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைக்கிறவர் அவர். மனசாரக் கொடுங்கள்.

எக்ஸ்ட்ரா பெட் என்றால் பெரும்பாலும் தரையில் போடும் மெத்தைதான். கட்டில் என்று நினைத்துப் பாட்டிக்காகக் கேட்டுவிடாதீர்கள்.

என்ன அடையாள அட்டை வேண்டும்?

ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், இவற்றில் ஒன்று போதும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஒருவர் அட்டை மட்டும் போதாது, தங்கும் பெரியவர்கள் எல்லாரும் கொண்டுவாருங்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்பதால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரைத் தரவிறக்கம் செய்து அச்செடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் உறவினர்கள் என்றால் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயம். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை விடுதி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வேலைக்குத் தயங்கி, சின்ன லாட்ஜ்கள் சில "ஃபாரின் பாஸ்போர்ட் எடுக்கிறதில்லை" என்று சொல்லிவிடும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடல் தாண்டி வந்தவரை நம்மூரில் வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதைப் பார்க்க மனசு தாங்காது.

திருமணம் ஆகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து அறை எடுக்கலாமா?

வயது வந்த இருவர் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கோவையில் ஒரு விடுதிக்கு சீல் வைத்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் தங்கள் விடுதியில் கொடுப்பதில்லை என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அவர்களோடு வாசலில் நின்று வாதாடிப் பலனில்லை. முன்பதிவின்போதே விதிகளைப் படித்து, ஏற்கும் இடமாகப் பார்த்து எடுங்கள்.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறோம். எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

குளியலறையை. வேறு எதையும்விட முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்பார்கள். குளியலறைக்குள் நுழையும் இடத்தில் படி எவ்வளவு உயரம், தரை வழுக்குமா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்பதை நேரில்தான் பார்க்க முடியும். பழைய லாட்ஜ்களில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை கட்டியிருப்பார்கள். ஒரு கண்ணில் கட்டோடு இருப்பவருக்கு அந்தக் கட்டையின் உயரம் சரியாகத் தெரியாது. என் அப்பா அறுவைக்கு மறுநாள் அதில்தான் இடறினார். நல்லவேளை, கதவைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே ஒரு வெள்ளைத் துண்டை அந்தக் கட்டையின் மேல் நீளவாக்கில் போட்டு வைத்தேன், கண்ணில் படட்டும் என்று. இன்றும் யாருக்கு அறை பார்த்துக் கொடுத்தாலும் அந்தத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

குளியலறைக்குள் போட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேளுங்கள், தருவார்கள். கண் அறுவைக்குப் பிறகு தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பார்கள். உட்கார வைத்துக் கழுத்துக்குக் கீழே மட்டும் குளிப்பாட்ட நாற்காலி இருந்தால்தான் முடியும்.

அடுத்து லிஃப்ட். "லிஃப்ட் இருக்கு" என்பார்கள். போய்ப் பார்த்தால் வாசலிலிருந்து எட்டு படி ஏறிய பிறகுதான் லிஃப்ட் இருக்கும். "ரோட்டுலருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி?" என்று கேளுங்கள். கேள்வி வேடிக்கையாகத் தோன்றும், பதில் உபயோகமாக இருக்கும். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அறைக்குள் போனதும் என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள், முதலில் வாசலிலேயே இருக்கட்டும். மெத்தையின் தலைப்பக்க மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தில் செல்போன் வெளிச்சத்தை அடியுங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். உடனே வேறு அறை கேளுங்கள். சுவர் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், மெத்தையை மாற்றியிருக்க மாட்டார்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் ஊருக்கு மூட்டைப்பூச்சியைக் கூட்டிக்கொண்டு போன குடும்பம் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

பிறகு கதவின் உள்தாழ்ப்பாள், குழாய், ஃப்ளஷ், ஏசி. எல்லாம் சரி என்றால் முன்பணம் கட்டுங்கள். அவசர வழி எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் எப்படி?

குழாயில் வருவது பல இடங்களில் போர் தண்ணீர் அல்லது லாரித் தண்ணீர். உப்பாக இருக்கும், சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்காகும். குடிக்க வேண்டாம், கேன் தண்ணீரோ பாட்டிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் வருபவர்கள் வாளியை நிரப்பி வைத்துவிட்டுப் படுங்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு நகரமே குடத்தோடு தெருவில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் போகாது. வெந்நீர் பல லாட்ஜ்களில் காலை மட்டும்தான். ஒன்பது மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும்.

பெண் தனியாக வந்தால்?

வேலைத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் தனியாக வரும் தங்கைகள் இப்போது நிறைய. சந்தோஷமான விஷயம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒய்டபிள்யூசிஏ விருந்தினர் விடுதியை முதலில் விசாரியுங்கள், மரங்களுக்கு நடுவே அமைதியான இடம். வேறு விடுதி என்றால் இரவிலும் வரவேற்பறையில் ஆள் இருக்கும் இடமாக, பெரிய தெருவில் எடுங்கள். தரைத்தளமும் கடைக்கோடி அறையும் வேண்டாம். அறை எண்ணைக் கூட்டத்துக்கு முன்னால் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேட்கலாம், தப்பில்லை. யார் கதவைத் தட்டினாலும் வரவேற்புக்குப் போன் செய்து உறுதி செய்த பிறகு திறங்கள். அவசரம் என்றால் 112. பெண்கள் உதவி எண் 181.

ஊரில் பெற்றோர் பயந்தால், அறைக்குள் போனதும் விடுதியின் பெயர், அறை எண், வரவேற்பு போன் நம்பர் மூன்றையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம்?

காலண்டரில் முகூர்த்த நாள் பாருங்கள். ஆவணி, தை மாத வளர்பிறை முகூர்த்தத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்தால், கல்யாண வீட்டார் மாடி மாடியாக எடுத்துவிடுவார்கள். ஆடியில் அந்த நெரிசல் குறையும், ஆனால் தள்ளுபடிக் கூட்டத்தால் தி.நகர் மட்டும் நிரம்பியிருக்கும். மார்கழியில் கல்யாணம் இல்லை, கச்சேரி சீசனால் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் அறை கிடைப்பது கடினம். எழும்பூரில் அவ்வளவு பாதிப்பு தெரியாது.

நவம்பர், டிசம்பரில் மழை. வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எழும்பூர் கெங்கு ரெட்டி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆட்டோ எல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகும். புயல் எச்சரிக்கை இருந்தால், தள்ளிப்போடக்கூடிய வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

தீபாவளி, பொங்கல் அன்று அறை சுலபமாகக் கிடைக்கும், சாப்பாடுதான் கிடைக்காது. சமையல் செய்பவர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள், பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

காரில் வரலாமா?

நடுநகரத்து சின்ன லாட்ஜ்களில் கார் நிறுத்த இடம் இருக்காது. "பார்க்கிங் உண்டு" என்று சொல்வது வாசலில் இரண்டு காருக்கான இடமாக இருக்கும். கூட டிரைவர் வந்தால் அவர் தூங்க இடம் உண்டா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். எட்டு மணி நேரம் ஓட்டி வந்தவரைக் காருக்குள் கண்ணாடியை இறக்கிக் கொசுவோடு படுக்க விடுவது நியாயம் இல்லை. டிரைவர்களுக்கென்று பொது அறை வைத்திருக்கும் விடுதிகள் இருக்கின்றன.

பஸ்ஸில் வந்தால், விமானத்தில் வந்தால்?

தென்மாவட்ட அரசு பஸ்களுக்கு, 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்தான் கடைசி. அங்கிருந்து எழும்பூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடிப்பது மலிவு. பெட்டியும் குழந்தையும் இருந்தால் காலைக் கூட்டத்துக்கு முன் ஏறிவிடுங்கள். இவ்வளவு சுற்று இருப்பதால், எழும்பூரில் தங்குபவர்கள் முடிந்தவரை ரயிலிலேயே வரச் சொல்வேன்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ சுகம். நீலத் தடத்தில் ஏறி ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறினால் எழும்பூர். நுங்கம்பாக்கம், ஆயிரம் விளக்குப் பக்கம் தங்குபவர்கள் மாறாமல் நேராகவே போகலாம்.

சாப்பாடு?

எழும்பூரில் அதற்குக் கவலையே வேண்டாம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விடியுமுன் இட்லியும் பொங்கலும் தயாராகிவிடும். விடுதியில் காலை உணவு சேர்த்து வாடகை சொன்னால், அதில்லாமல் எவ்வளவு என்று கேளுங்கள். வெளியே அதைவிடச் சூடாகக் கிடைக்கும். ஒரு சாயங்காலம் நேரம் இருந்தால் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லியைச் சாம்பாரில் மிதக்க விட்டுச் சாப்பிடுங்கள். 1948-இலிருந்து நடக்கும் கடை. நோயாளியோடு வந்து கையில் பணம் குறைவாக இருந்தால், அரசு மருத்துவமனைகளிலும் தெருக்களிலும் உள்ள அம்மா உணவகத்துக்குத் தயங்காமல் போங்கள். 2013-இல் இட்லி ஒரு ரூபாய் என்று தொடங்கியது. வைத்தியத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களை அதுதான் தாங்கிப் பிடித்திருக்கிறது.

காலையில் காலி செய்துவிட்டோம். ரயில் இரவு ஒன்பதுக்கு. அதுவரை என்ன செய்வது?

விடுதியில் பெட்டியை வைத்துக்கொள்ளவில்லை என்றால் ஸ்டேஷன் பொருள் பாதுகாப்பறையில் வைக்கலாம். பெட்டிக்குப் பூட்டு கட்டாயம், டிக்கெட்டும் கேட்பார்கள். பூட்டு இல்லாத துணிப்பையை வாங்க மாட்டார்கள், அதற்கு ஒரு சின்னப் பூட்டோடு வாருங்கள்.

பிறகு பாந்தியன் சாலைக்கு நடங்கள். ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிடம். அரசு அருங்காட்சியகம் 1851-இலிருந்து இருக்கிறது. காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலச் சிலைகள் உள்ள கூடத்துக்கு நேராகப் போங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் நிற்கிறார். அப்பாவின் கட்டை அவிழ்த்த அன்று இரவு எங்களுக்கும் ஒன்பது மணி ரயில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே கூட்டிப்போனேன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தூக்கிய பாதத்தின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "கொலுசு வரைக்கும் தெரியுதுடா" என்றார். நாலரை மணிக்குக் காவலர் வந்து நேரம் ஆகிறது என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தோம்.